‘நகரத்தின் ஈரல்’ ஊரைக் கூட்டிய கதை

விருதுநகர் மாவட்டம் உலகத்துக்குத் தீப்பெட்டி கொடுத்தது. பட்டாசு கொடுத்தது. வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிற காலண்டரும் கொடுத்தது. உண்மையை மட்டும் ஒருவருக்கும் கொடுக்காமல் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெருங்குறையைத் தீர்க்கவென்றே அவதரித்தவர் இயக்குநர் ஜெபசுந்தர். நாளைக்கு அவருக்குச் சிலை வைக்கிறபோது கையில் எதைக் கொடுப்பது என்று சிற்பி குழம்ப வேண்டாம், மக்களே. கேமரா வேண்டியதில்லை. செல்போன் போதும்.

ஜெபசுந்தரின் முதல் படத்துக்குப் பெயர் ‘நகரத்தின் ஈரல்’. சென்னை மாநகரத்தின் அடிவயிற்றைக் கீறிக் காட்டுகிற படம் என்று வேறு யாரும் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். இரண்டரை மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் சூரியன் ஒரே ஒரு தடவை வருகிறது. அதுவும் ஒளிப்பதிவாளரின் கவனக்குறைவு. கதாநாயகன் குளிப்பதில்லை, சிரிப்பதில்லை, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசுவதில்லை. வசனத்தில் பாதி தணிக்கையில் ‘பீப்’ ஆகிவிட்டது; மீதிப் பாதி பெருமூச்சு. “இது படமல்ல, ரத்தமும் சதையுமான உண்மை” என்று சுவரொட்டி சொன்னது. எல்லாவற்றையும் இருட்டில் எடுத்திருந்தபடியால், அந்த உண்மை யார் கண்ணுக்கும் சரியாகப் புலப்படவில்லை.

படம் எடுப்பது கால்வாசி வேலைதான், மீதி முக்கால்வாசி அதை ‘மக்களிடம் கொண்டு சேர்ப்பது’ என்று அவருக்கு உபதேசித்தவர் காசிராஜன். பதவியின் பெயர் ‘பல்தள விளம்பர வியூக ஆலோசகர்’. அதற்கு முன்னால் வீட்டுமனை விற்றுக்கொண்டிருந்தார். இல்லாத ரோட்டையும் வரப்போகாத ரயிலையும் காட்டி முள்ளுக்காட்டை விற்றவருக்கு ஒரு படத்தை விற்பதா பெரிது?

ஆலோசகரின் ஆணைப்படி இயக்குநர் எல்லாத் தளங்களிலும் எழுந்தருளினார். ஒரு யூடியூப் சேனலில், சிறுவயதில் தீப்பெட்டி ஒட்டி வயிறு கழுவியதாகச் சொன்னார். இன்னொன்றில், ரயில்வே நடைமேடையில் செய்தித்தாளை விரித்துப் படுத்ததாகச் சொன்னார். ஒரு பாட்காஸ்டில் பட்டினியின் ருசி எப்படி இருக்கும் என்பதைக் கண்கலங்க வர்ணித்தார். கேட்ட தொகுப்பாளருக்குப் பசித்துவிட்டது. இன்ஸ்டாகிராமில் ‘ஈரல் சவால்’ என்று ஒன்றை அறிவித்தார். ரசிகர்கள் ஈரல் வறுத்து வீடியோ போட வேண்டும். போட்டார்கள். வறுவல் பிரபலமானது. படத்தின் பெயர் மிளகுத்தூளில் மறைந்துபோனது.

சிவகாசியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா கனகமணி போன் போட்டார். கனகமணி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் தலைமையாசிரியர்.

“ஏலே ஜெபா, நீ எப்பலே பட்டினி கிடந்த? தட்டுல மீன் இல்லைன்னா எந்திரிச்சுப் போற பயதானலே நீ?”

“அம்மா, நான் சொன்னது படைப்பாளியோட உள்பசி.”

“உள்பசியோ வெளிப்பசியோ, ஞாயித்துக்கிழமை சபைக்குப் போக முடியல. பெத்த பிள்ளைக்குச் சோறு போடாதவன்னு எல்லாரும் என்னையவே பாக்காக. அடுத்த பேட்டியிலயாவது காலையில இட்லி தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“இட்லி சாப்பிட்டவன் படத்தை யாரும்மா பார்ப்பா?” என்றார் ஜெபசுந்தர். அதில் நியாயம் இருந்தது.

வெள்ளிக்கிழமை படம் வெளியானது. காலைக் காட்சியை இயக்குநரின் நண்பர்கள் பார்த்தார்கள். மதியக் காட்சியை ஏசி மட்டும் பார்த்தது. சாயங்காலம் விநியோகஸ்தர் கூப்பிட்டு, திங்கட்கிழமை அரங்கங்களிலிருந்து படத்தை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். படத்தை வாங்குவதாக இருந்த ஓடிடி கம்பெனியும் ஒரு செய்தி அனுப்பியது: ஞாயிறு இரவுக்குள் ‘மக்கள் வரவேற்பு’ கண்ணில் படாவிட்டால் அவர்களுக்கும் படம் கண்ணில் படாது. அவ்வளவுதான். மூன்று வருட உழைப்பு, அதில் தாடிக்கு மட்டும் ஒன்றரை வருடம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துபோகும்.

“சார், சென்னையை விடுங்க. உங்க ஊருக்குப் போவோம்” என்றார் காசிராஜன். “படத்துல வர்ற மாதிரி உழைக்கும் மக்கள் அங்கதான் மலிவா… மன்னிக்கணும், நிறைய இருக்காங்க. படம் பார்த்துட்டு வெளிய வந்து அழட்டும். ஒரு தாயோட அழுகை, நூறு விமர்சனத்துக்குச் சமம்.”

அந்த நேரம் பார்த்து, சிவகாசிக்குப் பக்கத்தில், ஆனைக்குட்டத்து மாரித்தாய் என்பவள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி சோதனையில் சிக்கி, வாசலில் சீல் தொங்கிக்கொண்டிருந்தது. வேலையில்லாமல் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களை ஏற்றிப்போகிற வேன் மரத்தடியில் நின்றது. இதைக் காசிராஜன் ‘கடவுளின் திரைக்கதை’ என்று வர்ணித்தார்.

மாரித்தாய், பட்டாசுக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற பெண்களுக்குள் மூத்தவள். அவளைவிட அவள் வாய் நாலு வயசு மூத்தது.

“குழாய் உருட்டுனா குரோஸுக்கு, நூத்திநாப்பத்திநாலு உருப்படிக்கு, இம்புட்டுன்னு கூலி உண்டு. அழுகைக்கு என்ன கணக்கு தம்பி?”

“அரைநாள் கூலி, ஒரு பிரியாணி, அக்கா” என்றார் காசிராஜன்.

“பிரியாணி அழுகைக்கு முந்தியா, பிந்தியா?”

“பிந்தி. சாப்பிட்டா அழுகை வராதுல்ல.”

“ஒரு மாசமா அடுப்புல பூனை படுத்துக் கிடக்கு. எங்களை அழ வைக்க உங்களுக்குப் படம் வேற வேணுமாக்கும்?”

ஜெபசுந்தர் உணர்ச்சிவசப்பட்டுக் குறுக்கே புகுந்தார். “அக்கா, இது உங்க கதைதான்!”

“எங்க கதையா? பட்டாசுக் கம்பெனி வருதா?”

“இல்லக்கா. மெட்ராஸ். ஒரு குப்பைமேடு, அதுல ஒரு கொலைகாரன்…”

“ஆத்தாடி! கொலைகாரன் கதை எப்பிடி எங்க கதையாகும்?”

“வலி ஒண்ணுதானேக்கா.”

“அதுசரி. வலிக்கிறவகளுக்கு எந்த ஈரல்னா என்ன. வாறோம்.”

சனிக்கிழமை, சிவகாசி அரங்கத்தின் மதியக் காட்சிக்கு நாற்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். வருஷக்கணக்கான பழக்கம் லேசில் போகுமா? கம்பெனிக்குள் போன் கூடாது என்பதால், எல்லோரும் போனை டிரைவரின் கூடையில் போட்டார்கள். மருந்து ரூமுக்குள் செருப்பு கூடாது என்பதால், அரங்கத்தின் வாசலிலேயே வரிசையாகக் கழற்றி விட்டார்கள். உள்ளே நுழைந்த மாரித்தாய் முதலில் திரையைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய ரூமுக்கு ரெண்டே கதவா? நல்லா இருக்கே நியாயம்!”

எல்லோரும் அந்த இரண்டு கதவுகளையும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுப்பகுதி காலி.

“நடுவுல உட்காருங்கக்கா, ஷாட்ல கூட்டமா தெரியணும்” என்று காசிராஜன் கெஞ்சினார்.

“நடுவுல உக்காந்தவ கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி. நீக போய் உக்காருங்க.”

படம் ஓடியது. குளிர்ந்த இருட்டு, மெத்தை வைத்த நாற்காலி, ஒரு மாதத்துக் கவலை. இடைவேளைக்கு முன்பே நாற்பது பேரும் தூங்கிவிட்டார்கள். கதாநாயகனின் பெருமூச்சும் இவர்களின் குறட்டையும் எது எதுவென்று தெரியாதபடி கலந்தன. வாசலில் கேமராவோடு நின்ற ஜெபசுந்தர் தேதியைப் பார்த்தார். இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது.

காசிராஜன் மாடிக்கு ஓடி ஆபரேட்டரைப் பிடித்தார். “கிளைமாக்ஸ்ல கேஸ் சிலிண்டர் வெடிக்கும். அதுக்காவது முழிக்கணும். சவுண்டை எம்புட்டு ஏத்த முடியுமோ அம்புட்டு ஏத்துங்க.” ஊருக்கு வந்ததில் அவருக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெடித்தது.

மற்ற ஊர்களில் வெடிச்சத்தம் கேட்டால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. திரும்பிப் பார்த்தவர்கள், அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மிஞ்சவில்லை.

எதிரொலி அடங்குவதற்குள் அரங்கம் காலி. ஒருத்தியும் கத்தவில்லை. முழிக்காதவளை முழித்தவள் முடியைப் பிடித்து இழுத்துப்போனாள். செருப்பை யாரும் தேடவில்லை. ரோட்டைத் தாண்டி, எதிரே கிடந்த பொட்டலில் போய்க் குப்புற விழுந்தார்கள். முதலில் தலையைத் தூக்கியவள் மாரித்தாய். சுற்றிலும் பார்த்தாள். புகை இல்லை. அப்படியானால் இங்கே இல்லை.

“தாயில்பட்டிப் பக்கம்தான்… எம் பிள்ள! ஏ இசைவாணி!”

இசைவாணி அவளுடைய ஒரே மகள். தாயில்பட்டியில் வேறொரு கம்பெனியில் வேலை. கூடையிலிருந்து போனை எடுத்து அடித்தாள். மணி போனது, எடுக்க ஆளில்லை. நாற்பது பேரும் ஆளுக்கொரு வீட்டுக்கு அடித்தார்கள், அழுதார்கள், வேனுக்குள் விழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது படத்தின் சத்தம் என்று எப்படித் தெரியும்?

பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வெறுங்காலோடு ஓடினால் சிவகாசியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு மனைவிக்கு போன் செய்தார். வாட்ஸப் குழுக்களில் ‘பெரிய விபத்து’ என்று செய்தி பறந்தது. கீழே ஒரு மெழுகுவத்திப் படம். எங்கே, என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. மெழுகுவத்தி மட்டும் தயாராக இருந்தது.

ஜெபசுந்தர் கண்டது வேறு காட்சி. தம் படத்திலிருந்து நாற்பது தாய்மார்கள் கதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர் கண்கள் நனைந்தன.

“காசிராஜன்! படம் பேசிடுச்சு!”

“பேசட்டும் சார், வண்டியை எடுங்க! ரெஸ்பான்ஸ் வேன்ல போகுது!”

வேனைத் துரத்திய காரிலிருந்து காசிராஜன் நேரலை கொடுத்தார். தலைப்பு: ‘உண்மையின் கனம் தாங்காமல் வெளியேறும் தாய்மார்கள்’.

வேனைப் பின்தொடர்ந்து தாயில்பட்டியில் கம்பெனி வாசலில் ஊரே திரண்டுவிட்டது. அந்த இரைச்சலைக் கேட்டு உள்ளே இருந்தவர்கள் பயந்து வெளியே ஓடிவந்தார்கள். அலுமினியத் தூள் படிந்து வெள்ளிப் பொம்மை மாதிரி இசைவாணியும் வந்தாள்.

“ஏட்டி, போனை எடுத்தா என்னட்டி?”

“உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாகன்னு உனக்குத் தெரியாதாம்மா? நீ என்ன இப்பிடி வெறுங்கால்ல வந்திருக்க?”

மாரித்தாய் மகளை ஓர் அறை அறைந்தாள். கட்டிக்கொண்டாள். திரும்பவும் அறைந்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக்குக் கூலி பேசியிருக்கவில்லை. காசிராஜன் அதை எல்லாக் கோணத்திலும் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் செய்திச் சேனல்களின் வண்டிகள் வந்துவிட்டன. ஜெபசுந்தரின் பத்திரிகையாளர் சந்திப்புக்கு எட்டிப் பார்க்காதவர்கள், மைக்கோடு முண்டியடித்தார்கள்.

“எத்தனை பேர்?”

“ஒண்ணும் நடக்கல சார்” என்றார் கம்பெனி மேஸ்திரி.

“ஒருத்தர்கூடவா?”

“ஒருத்தர்கூட இல்ல.”

“அப்ப எதுக்குய்யா எங்களை அலைக்கழிக்கிறீங்க?”

மனிதர்கள் உயிரோடிருப்பதில் அவர்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்தை என்னென்பது! வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் இயக்குநர் ஜெபசுந்தர், அநாதையாக நின்ற மைக்குகளின் முன்னால் போய் நின்று, அந்தச் சரித்திரப் புகழ்பெற்ற வாசகத்தைச் சொன்னார்:

“நடந்தது விபத்தல்ல. என் படம்.”

மறுநாள் பொழுது விடியும்போது நாடு முழுக்க அந்த வீடியோ ஓடியது. திங்கட்கிழமை எடுக்கப்பட வேண்டிய படத்துக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லை. மதுரையிலும் கோவையிலும் இளைஞர்கள் அரங்க வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சிலிண்டர் வெடித்ததும் வெறுங்காலோடு ஓடிவந்து, அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதற்கு ‘ஈரல் ஓட்டம்’ என்று பெயர். ஓடிடி கம்பெனி கையெழுத்துப் போட்டது.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். வதந்தியைக் கிளப்பி ஊரைக் கூட்டியது யார் என்று போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“வதந்தியா? ஐயா, அது நிகழ்த்துகலை” என்றார் காசிராஜன். “முன்கூட்டியே திட்டமிட்ட மக்கள் பங்கேற்பு விளம்பரம். அந்தம்மாக்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற நடிகைகள்.”

“அந்த மாரித்தாய்கூடவா?”

“அவங்கதான் கதாநாயகி.”

“அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க.”

கையெழுத்துப் போடும்போது ஜெபசுந்தரின் பேனா ஒரு கணம் தயங்கியது உண்மை. மை தீர்ந்துவிட்டது. காசிராஜன் வேறு பேனா கொடுத்தார்.

மாரித்தாய்க்கு அரைநாள் கூலியும் பிரியாணியும் பாக்கி இல்லாமல் போய்ச் சேர்ந்தன. நல்லவரை நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம், உலகப் பல்தள விளம்பரப் பேரவை ஜெபசுந்தருக்கு ‘உண்மையின் உரத்த குரல்’ என்ற விருதை அறிவித்தது. சென்னையில் விழா. வரும் வெள்ளிக்கிழமை படம் ஓடிடியில் வருவதாக இருந்ததால், எல்லாம் பொருத்தமாக அமைந்துவிட்டது. மேடைக்குப் பின்னறையில் அவர் தாடியைச் சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“தம்பி, மாரித்தாய் பேசுறேன். இசைவாணி கம்பெனியில வெடிச்சுருச்சு. நெசமாவே வெடிச்சுருச்சு. மூணு பேரு மாட்டிக்கிட்டாக. எம் பிள்ள உடம்பு முக்காவாசி வெந்துபோச்சு. கம்பெனிக்காரன் தனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன ஆஸ்பத்திரியில போட்டுக் கதவைச் சாத்திட்டான். உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும்ங்காரு டாக்டரு. மதுரைக்குப் போனா வெளிய தெரிஞ்சுரும்னு இவன் விடமாட்டேங்கான்.”

“ஐயோ, அக்கா… டிவிக்காரங்க வரலையா?”

“எங்க வர? இப்ப வெடிச்சதும் நாங்க ஓடியாந்ததை ஒரு பிள்ள வீடியோ எடுத்துப் போட்டுச்சு. அதெல்லாம் அந்தப் படத்து விளம்பரம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். டிவிக்காரனுக்குப் போன் போட்டா, நீங்க அந்த நடிகையம்மாதானேன்னு சிரிக்கான். நீக ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. இது நெசம்னு. நீக சொன்னா நம்புவாக.”

ஜெபசுந்தர் சீப்பைக் கீழே வைத்தார். “இப்பவே சொல்றேன்க்கா” என்றார். அந்தக் கணத்தில் அவர் சொல்லத்தான் நினைத்தார். காசிராஜன் போனை வாங்கி மெதுவாக அணைத்தார்.

“சார், அந்தம்மா நடிகைன்னு ஸ்டேஷன்ல நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. நடிகை இல்லைன்னு இன்னைக்குச் சொன்னா, அந்த கேஸ் எந்திரிச்சு உட்காரும். இந்த விருது படுத்துடும். வெள்ளிக்கிழமையைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.”

“அதுக்காக நான் சும்மா இருக்கணுமா? நான் மனுஷன் காசிராஜன்!”

“யார் சும்மா இருக்கச் சொன்னது? பதிவு போடுங்க. மக்கள் பக்கம் நில்லுங்க. எந்த மக்கள்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

ஈரமுள்ள மனிதர் அல்லவா, அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மாரித்தாய் சொன்ன அந்த வீடியோவை எடுத்துத் தம் பக்கத்தில் பகிர்ந்தார். மேலே என்ன எழுதுவது என்று நெடுநேரம் வதைபட்டார். எழுதினார், அழித்தார். கடைசியில், எந்தப் பக்கமும் சாயாத வாசகம் ஒன்று அவருக்குக் கிடைத்தது: ‘நிஜமா? நடிப்பா? விடை, வெள்ளிக்கிழமை முதல் உங்கள் இல்லத் திரையில்.’ பக்கத்தில் கூப்பிய கைகளை வைத்தார். தீப்பிழம்பு ஒன்றும் வைத்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்றார் காசிராஜன். அது மட்டும் மனிதத்தன்மை அல்ல என்று ஜெபசுந்தர் உறுதியாக மறுத்துவிட்டார்.

பிறகு மேடையேறி, உண்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உண்மையைச் சொல்கிறவன் எல்லாவற்றையும் இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்றபோது அவருக்குக் குரல் உடைந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள், கூலி வாங்காமல்தான்.

கீழே இறங்கியதும் போனைப் பார்த்தார். மாரித்தாயிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. பகிர்ந்ததற்கு நன்றி சொல்லியிருப்பாள் என்று நினைத்து, சுற்றி நின்ற பிரமுகர்களும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தார்.

“தம்பி, நீக போட்டதைப் பாத்தேன். வெள்ளிக்கிழமைன்னு போட்டுருக்கீக. இங்கனயே கிடந்தா பிள்ள வியாழக்கிழமை தாண்டாதுங்காரு டாக்டரு. உங்க உண்மையை ஒரு ரெண்டு நாள் முந்தி ரிலீஸ் பண்ணுவீகளா?”